ஐந்து உலகக் கோப்பைகள், ஓர் இடது கால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஐந்து கால்பந்து உலகக் கோப்பைகளில் களம் இறங்கியவர்களைப் பற்றி எழுதியபோது, மெக்சிகோவின் நடுக்கள வீரர் ஆந்த்ரேஸ் குவர்தாதோவுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தேன். அது போதாது என்று உரிமையோடு கடிந்துகொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. எனக்கும் அந்தக் குறை இருந்தது. முப்பத்தோர் ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பள்ளி மைதானங்களில் நின்றவன் நான். இடது காலால் உதைக்கும் பையன் ஒருவன் வரிசையில் வந்து நின்றாலே மனம் அவன் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே இந்த இதழ் முழுக்க அவருக்கே.

ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடியவர்கள் உலகத்தில் மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் மூன்று பேர் மெக்சிகோக்காரர்கள் என்று எழுதியிருந்தீர்கள். உலகக் கோப்பையை ஒருமுறைகூட வெல்லாத நாட்டுக்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று? — கல்லூரி மாணவர், வியாசர்பாடி

நல்ல கேள்வி, தம்பி. முதலில் அந்த மூவர் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோல்கீப்பர் அன்தோனியோ கார்பஹால் 1950 முதல் 1966 வரை. தற்காப்பு வீரர் ரஃபேல் மார்க்கெஸ் 2002 முதல் 2018 வரை. அடுத்து நம் குவர்தாதோ, 2006 முதல் 2022 வரை. ஜெர்மனியின் மத்தேயஸ், அர்ஜென்டினாவின் மெஸ்ஸி, போர்ச்சுகலின் ரொனால்டோ ஆகியோர் 2022 வரை இந்த வரிசையில் இடம்பெற்ற மற்ற ஆண்கள். அணியில் பெயர் இருந்தும் களம் இறங்காதவர்களை நான் சேர்க்கவில்லை. 2022 வரை ஐந்து முறை அணியில் இடம்பெற்ற மெக்சிகோ கோல்கீப்பர் ஒச்சோவா முதல் இரண்டு முறை பெஞ்சில்தான் இருந்தார்.

ஏன் மெக்சிகோ? வட, மத்திய அமெரிக்கப் பகுதியில் அந்நாடு நெடுங்காலமாகப் பெரிய அண்ணன். உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவது அங்கே பழகிப்போன விஷயம். 1982-க்குப் பிறகு 1990-இல் மட்டும்தான் போக முடியவில்லை. வயது கூடிய ஆட்டக்காரர்களை இளையோர் போட்டியில் ஆடவைத்ததற்காக விதிக்கப்பட்ட தடையே காரணம். அதன்பிறகு ஒருமுறையும் தவறவில்லை. ஆகவே வாசல் திறந்திருக்கிறது. ஆனால் வாசல் திறந்திருக்கிறது என்பதற்காகப் பதினாறு ஆண்டுகள் ஒருவனையே உள்ளே அழைப்பார்களா? நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா அது. முதல் முறை போகும்போது வயது 19, கடைசி முறை 36. இடையில் எத்தனையோ பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் தேவைப்பட்டார். நாட்டுக்காக மொத்தம் 180 ஆட்டங்கள், 28 கோல்கள். அதற்கு முன் மெக்சிகோவில் கிளாவுதியோ சுவாரெஸின் 177 ஆட்டங்களே அதிகம்.

குவர்தாதோ பிறந்தது குவாதலஹாரா நகரில், 1986 செப்டம்பர் 28-ஆம் தேதி. உள்ளூர் அட்லஸ் அணிக்காக 2005-இல்தான் முதன்முதலாகத் தொழில்முறை ஆட்டம் ஆடினார். அந்த ஆண்டு டிசம்பரில் தேசிய அணி. அடுத்த ஜூனில் ஜெர்மனியில் உலகக் கோப்பை. ஓர் ஆண்டுக்குள் இவ்வளவும் நடந்தன. மளமளவென்று ஏறியவர்கள் மளமளவென்று இறங்குவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர் இறங்கவில்லை.

ஐயா, நாளிதழ்களில் 'குவார்டாடோ' என்று அச்சிடுகிறார்கள். நீங்கள் வேறு மாதிரி எழுதுகிறீர்களே? — வாசகர், புதுச்சேரி

ஸ்பானிஷ் மொழியில் நாக்கை மேலே மடித்துச் சொல்லும் 'டா' கிடையாது, 'தா'தான். ஆகவே குவர்தாதோ. அந்தச் சொல்லுக்கு 'பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டது' என்று பொருள். மெக்சிகோ ரசிகர்கள் அவரைச் செல்லமாகக் 'குட்டி இளவரசன்' என்று அழைப்பார்கள். ஒல்லியான உடம்பும் பால்வடியும் முகமுமாக வந்தவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, முப்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறும்வரை போகவில்லை.

ரியல் மாட்ரிட், பார்சிலோனா போன்ற பெரிய கிளப் எதிலும் ஆடாதவரை இத்தனை உயரத்தில் வைக்கிறீர்களே, இது நியாயமா? — வாசகர், கோவை

நியாயம் என்றே சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2007-இல் அவர் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் லா கொருன்யா நகரத்துக்கு, தெபோர்த்திவோ அணிக்குப் போனார். அது 2000-ஆம் ஆண்டின் ஸ்பெயின் சாம்பியன். 2004-இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன அணி. ஆனால் குவர்தாதோ போய்ச் சேர்ந்தபோது கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. 2011 மே மாதம், சீசனின் கடைசி நாள், சொந்த மைதானத்தில் வலென்சியாவிடம் 0-2 எனத் தோற்றார்கள். 43 புள்ளிகள் எடுத்தும் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்க வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுகளாக முதல் நிலையில் இருந்த அணி அது.

அப்போது குவர்தாதோவுக்கு வயது 24. இரண்டு உலகக் கோப்பைகள் ஆடியவர். அடுத்த மாதமே கலிபோர்னியாவில் நடந்த தங்கக் கோப்பை (வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் போட்டி) இறுதி ஆட்டத்தில், அமெரிக்காவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த மெக்சிகோவுக்குச் சமன் செய்யும் இரண்டாவது கோலை அடித்தவர். மெக்சிகோ 4-2 என வென்றது. அவர் நினைத்திருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறிடம் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தெபோர்த்திவோவிலேயே இருந்தார். இரண்டாம் நிலையில், சின்னச் சின்ன ஊர்களின் மைதானங்களில், ஒரு சீசன் முழுக்க ஆடினார். 91 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்து அணியை மேலே ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினார். விழுந்த வீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு வெளியேறுவது எல்லோருக்கும் வருகிற குணம் அல்ல. கோவை நண்பரே, எனக்கு இது ஒரு பெரிய கோப்பைக்குக் குறைந்தது அல்ல.

அதன்பிறகு உடனே வெளிச்சம் வந்துவிட்டதா என்றால், இல்லை. போன இடம் வலென்சியா. அங்கே அவரைப் பல ஆட்டங்களில் இடது பின்வரிசைக்குத் தள்ளினார்கள். 2014 ஜனவரியில் அரை சீசனுக்கு ஜெர்மனியின் லெவர்குசனுக்கு இரவல். 27 வயதில், எந்த இடத்தில் ஆடுகிறவர் என்றே தெரியாத நிலை. பலருடைய கதை இங்கேதான் முடிந்துபோகும்.

இடது விங்கில் ஓடிக்கொண்டிருந்தவர் எப்படி நடுக்களத்துக்கு வந்தார்? எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஓடத் தெரிந்தவனை நடுவில் போட்டால் தொலைந்துபோகிறான். — பயிற்சியாளர், தூத்தூர், குமரி மாவட்டம்

உங்கள் கடிதத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

2014 கோடையில் குவர்தாதோ நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துப் பிஎஸ்வி அணிக்கு இரவலாகப் போனார். பிலிப்ஸ் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட கிளப் அது. அங்கே பயிற்சியாளர் பிலிப் கோக்கு. அவரும் இடது கால்காரர். பிஎஸ்விக்கும் பார்சிலோனாவுக்கும் நெதர்லாந்துக்கும் நடுக்களத்தில் ஆடி, ஓய்வு பெற்றுப் பயிற்சியாளரானவர். அவர் குவர்தாதோவைக் கோட்டோரத்திலிருந்து எடுத்து, தற்காப்புக்கு முன்னால், ஆட்டத்தின் நட்டநடுவில் நிறுத்தினார். முன்னால் டெப்பாய், வைனால்டம், லூக் டி யோங் என்று கோல் அடிக்க ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பந்தை நேரத்துக்குக் கொண்டு சேர்க்கும் ஆள்தான் வேண்டியிருந்தது. அந்த சீசனில் பிஎஸ்வி லீக் சாம்பியன் ஆனது. ஏழு ஆண்டுகளாகக் காத்திருந்த பட்டம் அது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் அயாக்ஸ்தான் வென்றிருந்தது. அடுத்த சீசனிலும் பிஎஸ்வியே.

இனி உங்கள் பையன்களின் பிரச்சினைக்கு வருவோம். விங்கில் நிற்பவனுக்குத் தொடுகோடு ஒரு சுவர் மாதிரி. முதுகு அந்தப் பக்கம் இருந்தால் போதும். எதிரி முன்னாலிருந்தோ உள்பக்கத்திலிருந்தோதான் வர முடியும். பாதி உலகத்தைப் பார்த்தாலே ஆடிவிடலாம். நடுவில் சுவர் கிடையாது. நாலு பக்கத்திலிருந்தும் வருவார்கள். பந்து காலுக்கு வந்த பிறகு சுற்றிப் பார்க்கிறவன் அங்கே பிழைக்க மாட்டான். பந்து வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

குவர்தாதோவின் பிஎஸ்வி ஆட்டம் ஏதாவது கிடைத்தால் பந்தைப் பார்க்காதீர்கள், அவர் தலையைப் பாருங்கள். பந்து இன்னும் சக ஆட்டக்காரரின் காலில் இருக்கும். இவர் வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை, இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். பந்து கிளம்பியதும் உடம்பை இலேசாகத் திறந்து, இடது காலின் உள்பக்கத்தில் வாங்குவார். வாங்கும்போதே பந்து அடுத்து போக வேண்டிய திசையை நோக்கித் திரும்பியிருக்கும். வாங்குவது, திரும்புவது, தருவது மூன்றும் ஒரே அசைவு. இதில் ஓட்டம் எங்கே இருக்கிறது? பத்து மீட்டர் ஓடி மீட்க வேண்டியதை ஒரு பார்வையில் மீட்டுவிடுகிறார். முப்பது வயதுக்கு மேல் கால் வேகம் குறைந்த பிறகும் அவர் ஏழு சீசன் ஸ்பெயின் முதல் நிலை லீக்கில் தாக்குப்பிடித்தது இதனால்தான்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். பையனை நடுவில் நிறுத்துங்கள். அவனுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒருவன் கையில் விரல்களைக் காட்டட்டும். முன்னாலிருந்து பந்து தரும்போது, அது காலைத் தொடுவதற்கு முன், பின்னால் எத்தனை விரல் என்று இவன் உரக்கச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பந்தையும் விடுவான், விரலையும் விடுவான். திட்டாதீர்கள். மூன்றாவது வாரம் கழுத்து தானாகத் திரும்பும். நான் இதைப் பல ஆண்டுகள் செய்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விங்கில் ஆடுகிறவனுக்கு ரசிகர்களின் கூச்சல் உண்டு. ஒருவனை ஏமாற்றிக் கடந்தால் கைதட்டல் உண்டு. நடுவில் ஒழுங்காக வேலை செய்கிறவனை மைதானம் கவனிக்காது. அந்தக் கைதட்டலை விட்டுக்கொடுக்க மனம் வர வேண்டும். குவர்தாதோ 27 வயதில் விட்டுக்கொடுத்தார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

2015 தங்கக் கோப்பை அரையிறுதியில் பனாமாவுக்கு எதிராக அநியாயமாகக் கிடைத்த பெனால்டியை அவர் வேண்டுமென்றே வெளியே அடித்திருக்க வேண்டும் என்கிறான் என் மூத்த மகன். அடித்தது சரி என்கிறான் இளையவன். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். — வாசகி, மதுரை

அம்மா, தீர்ப்புச் சொல்லும் முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தைப் பார்க்காத வாசகர்களும் இருப்பார்கள்.

அந்தப் போட்டியில் மெக்சிகோவின் கேப்டன் பட்டை குவர்தாதோவின் கையில் இருந்தது. காலிறுதியில் கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக, கூடுதல் நேரமும் முடிந்து, பெனால்டி ஷூட் அவுட்டுக்கு எல்லோரும் மனத்தளவில் தயாராகிவிட்ட கடைசி நொடியில் மெக்சிகோவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதுவே சர்ச்சைக்குரியது. குவர்தாதோ அடித்தார், 1-0.

அடுத்து அட்லாண்டாவில் அரையிறுதி, பனாமாவுடன். நமக்கு ஜூலை 23 காலை. மெக்சிகோவின் பெரால்தா முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டார். ஆனால் பத்துப் பேரை வைத்துக்கொண்டு கோல் வாங்கியது மெக்சிகோதான். பனாமாவின் ரோமான் தோரெஸ் தலையால் முட்டி 1-0 ஆக்கினார். ஆட்டம் முடிய ஓரிரு நிமிடங்களே இருக்கும்போது, பனாமாவின் பெனால்டி பகுதிக்குள் அதே தோரெஸ் தடுமாறி விழுகிறார். விழும்போது பந்து அவர் கைப்பக்கம் பட்டு உருள்கிறது. நடுவர் பெனால்டிப் புள்ளியைக் காட்டிவிட்டார். கோல் அடித்து வாழ்நாள் வெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தவரே குற்றவாளி ஆனார்.

பனாமா ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். தள்ளுமுள்ளு, கூச்சல், பார்வையாளர் பக்கமிருந்து வந்து விழும் பான டம்ளர்கள். களத்தை விட்டுப் போய்விடுவார்களோ என்ற நிலை. பத்து நிமிடம் போல ஆட்டம் நின்றது. அந்தப் பத்து நிமிடமும் குவர்தாதோவுக்கு ஒரே வேலைதான்: காத்திருப்பது. பிறகு வந்து உதைத்தார். 1-1. கொண்டாடவில்லை. கூடுதல் நேரத்தில் இன்னொரு பெனால்டி. அதையும் அவரே அடித்தார். 2-1. மெக்சிகோ இறுதிக்குப் போனது. பனாமா அணியினர் உடைமாற்றும் அறையில் 'திருடர்கள்' என்று எழுதிய பதாகையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நடுவர் தரப்பில் தவறுகள் நடந்தன என்று போட்டியை நடத்திய கூட்டமைப்பே பிறகு ஒப்புக்கொண்டது.

வேண்டுமென்றே வெளியே அடித்துவிடலாமா என்ற எண்ணம் தன் மனத்தில் ஓடியதாகக் குவர்தாதோவே ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். உங்கள் மூத்த மகன் சொல்வது ஒன்றும் புதிதல்ல, அம்மா. பந்துக்கு முன் நின்றவனுக்கே தோன்றியிருக்கிறது.

என் பதிலைச் சொல்கிறேன். அடித்தது சரி. அந்தப் பெனால்டி குவர்தாதோவின் சொந்தச் சொத்து அல்ல. 25-ஆவது நிமிடத்திலிருந்து ஓர் ஆள் குறைவாக ஓடிக் களைத்த ஒன்பது பேர் பின்னால் நிற்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அவர் ஒருவராக நியாயவான் ஆகிவிட முடியாது. தவறு விசிலில் நடந்தது. விசிலின் தவறைக் காலால் திருத்த ஆரம்பித்தால், நாளை நம் பக்கம் நடக்கும் தவறுகளை யார் திருத்துவது? நடுவர் கொடுத்ததை ஆடுவதும், கொடுக்காததை மறப்பதும்தான் ஆட்டக்காரனின் ஒழுக்கம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

சொல்லிக்கொடுத்தேன் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வட்டாரப் போட்டியின் அரையிறுதி. மழை பெய்து ஓய்ந்த காலை. ஒரு பக்கக் கோல் கம்பத்தைச் சுற்றிச் சேறு. ஆட்டம் 0-0. எதிரணிப் பையனின் நெஞ்சில் பட்ட பந்துக்குக் கை என்று எங்களுக்குப் பெனால்டி கொடுத்தார்கள். எதிரே கோல்கீப்பராக நின்றவன் கிழிந்த கிரிக்கெட் கீப்பர் கையுறை போட்டிருந்தான். அழுகையை அடக்க முடியாமல் அந்தக் கையுறையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். உதைக்க வேண்டிய என் பையன், ஒன்பதாம் வகுப்பு, இடது கால்காரன், தொடுகோட்டுக்கு ஓடி வந்து மெதுவாகக் கேட்டான்: "சார், வெளியே அடித்துவிடட்டுமா?"

"உன் வேலை உதைப்பது. போய் உதை" என்றேன்.

உதைத்தான். கோல். கையைத் தூக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். புளியோதரைப் பொட்டலத்தை எல்லோரும் பிரித்துவிட்டார்கள். அவனுடையது பிரிக்கப்படாமலே மடியில் இருந்தது. நான் சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவன் அந்தக் கேள்வியைக் கேட்காமலே உதைத்திருந்தால், இத்தனை ஆண்டுகளாக அவனை நினைவில் வைத்திருக்க மாட்டேன்.

எனவே உங்கள் இளைய மகன் சொல்வதுதான் சரி. மூத்தவனைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளுங்கள், அம்மா, நல்ல பிள்ளை.

இறுதி ஆட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் கழித்து, பிலடெல்பியாவில், ஜமைக்காவுக்கு எதிராக. வலப்பக்கத்திலிருந்து பவுல் அகிலார் தூக்கிப்போட்ட பந்து பெனால்டி பகுதியைத் தாண்டி இடப்பக்கம் வருகிறது. குவர்தாதோ அதைத் தரையில் விழவிடவில்லை. ஓடி வந்து, அந்தரத்திலேயே, இடது காலால் அடித்தார். முதல் கோல். யாரும் வாய் திறக்க முடியாத கோல். மெக்சிகோ 3-1 என வென்றது. போட்டியின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

அவர் அடித்த பெனால்டிகள் பற்றியே பேசுகிறார்கள். நெருக்கடியில் தவறவிட்டதே இல்லையா? — வாசகர், ஈரோடு

யாரும் அப்படி இருக்க முடியாது. ஆனால் ஷூட் அவுட்டில் அவர் நிற்கும் விதம் எனக்குப் பிடிக்கும். இரண்டு உதாரணங்கள். 2016 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில் பிஎஸ்வி, மாட்ரிட்டில் அட்லெட்டிகோவுடன். இரண்டு ஆட்டங்களும் 0-0. ஷூட் அவுட்டில் குவர்தாதோ தன்னுடையதை அடித்துவிட்டார்; எட்டாவதாக வந்த சக வீரரின் பந்து மேல்கம்பத்தில் பட்டு, 8-7 எனத் தோற்றார்கள்.

இரண்டாவது, 2022 ஏப்ரல் 23, செவில்யா நகரம், ஸ்பெயின் மன்னர் கோப்பை இறுதி. 2017 முதல் அவர் ஆடிவந்த ரியல் பெத்திஸ் அணியும் அவருடைய பழைய அணியான வலென்சியாவும் மோதின. 1-1. பெத்திஸ் தரப்பில் வில்லியன் ஜொசே, நாற்பது வயதான ஹொவாகின், மூன்றாவதாக 35 வயதான குவர்தாதோ. அடித்தார். கடைசியில் உள்ளூர்ப் பையன் ஹுவான் மிராந்தா அடித்து 5-4. பெத்திஸுக்கு 2005-க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை அது.

சொந்த ஊர் அணியான அட்லஸுக்குத் திரும்பினாரா? — வாசகர், சேலம்

இல்லை, எனக்கும் அது ஒரு மனக்குறைதான். அட்லஸ் 1951-இல் ஒரு முறை மெக்சிகோ சாம்பியன் ஆனது. அடுத்த பட்டத்துக்கு எழுபது ஆண்டுகள் ஆயின. 2021 டிசம்பரில், இறுதியில் லெயோன் அணியை ஷூட் அவுட்டில் வென்றபோது குவர்தாதோ பெத்திஸில் இருந்தார். 2024 ஜனவரியில் நாடு திரும்பியபோது அவர் சேர்ந்தது அந்த லெயோனில்தான். அந்த ஆண்டின் இறுதியில் அங்கேயே விளையாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டார்.

மெக்சிகோ 'ஐந்தாவது ஆட்டம்' என்று ஏங்குவதாகப் படித்தேன். குவர்தாதோவால் அதை அடைய முடியவில்லையா? — மாணவி, தஞ்சாவூர்

முடியவில்லை, மகளே. குழுச் சுற்றில் மூன்று ஆட்டம், அடுத்த சுற்றில் நான்காவது ஆட்டம். அதை வென்றால் ஐந்தாவது; 2022 வரை அதுவே காலிறுதி. 1994 முதல் 2018 வரை ஏழு உலகக் கோப்பைகளிலும் மெக்சிகோ நான்காவது ஆட்டத்திலேயே வெளியேறியது. அதில் கடைசி நான்கு தோல்விகளுக்கும் குவர்தாதோ நேர் சாட்சி.

2014-இல் நெஞ்சு வெடித்தது. ரெசிஃபே நகரில் குரோவேஷியாவை 3-1 என வென்றபோது ஒரு கோல் குவர்தாதோவுடையது. உலகக் கோப்பையில் அவர் அடித்த ஒரே கோல் அதுதான். அடுத்து ஃபோர்த்தலேசாவின் வெயிலில் நெதர்லாந்து. 88-ஆவது நிமிடம் வரை மெக்சிகோ 1-0 என முன்னிலை. ஸ்னைடர் சமன் செய்தார். காயநேரத்தில் ரொபென் விழுந்து வாங்கிய பெனால்டியில் எல்லாம் போயிற்று. 'அது பெனால்டி அல்ல' என்று மெக்சிகோ நெடுநாள் புலம்பியது. அடுத்த ஆண்டு அட்லாண்டாவில் பனாமாவின் கோபத்துக்கு எதிரே காத்து நின்றபோது குவர்தாதோவுக்கு இந்த ஃபோர்த்தலேசா ஞாபகம் வந்திருக்காதா என்று நான் நினைப்பதுண்டு.

2018-இல் ஒரு மகிழ்ச்சியான காட்சி இருக்கிறது. மாஸ்கோவில் நடப்புச் சாம்பியன் ஜெர்மனியை லொசானோவின் கோலால் 1-0 என முந்தி நிற்கிறார்கள். 74-ஆவது நிமிடம், கேப்டன் குவர்தாதோவை வெளியே எடுக்கிறார்கள். உள்ளே வருபவர் 39 வயதான ரஃபேல் மார்க்கெஸ், தன் ஐந்தாவது உலகக் கோப்பைக்காக. இருவரும் அட்லஸ் வளர்த்த பிள்ளைகள். குவர்தாதோ கைப்பட்டையைக் கழற்றிப் பெரியவரிடம் கொடுக்கிறார். நேரம் போகப்போக நல்லது என்ற நிலையிலும் அந்த ஒரு கைமாற்றத்தில் ஆர்ப்பாட்டம் இல்லை. மெக்சிகோ அன்று வென்றது.

மெஸ்ஸிக்கும் குவர்தாதோவுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று சென்ற இதழில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்ன அது? — வாசகர், திருச்சி

2006 உலகக் கோப்பையில் குவர்தாதோ ஆடியது ஒரே ஆட்டம். குழுச் சுற்று முழுக்க பெஞ்சில் வைத்திருந்த பையனைப் பயிற்சியாளர் லா வோல்பே திடீரென்று நாக் அவுட் ஆட்டத்தில் முதல் பதினொருவரில் இறக்கினார். ஜூன் 24, லைப்சிக் நகரம், எதிரணி அர்ஜென்டினா. 19 வயதுப் பையன் இடது ஓரத்தில் பயமில்லாமல் ஓடினான். இரண்டாம் பாதியில் அவனை வெளியே எடுத்தார்கள். அதன்பிறகு, 84-ஆவது நிமிடத்தில், அர்ஜென்டினா ஒரு மாற்று வீரரை இறக்கியது. அன்றுதான் அவருக்கு 19-ஆவது பிறந்த நாள். மெஸ்ஸி. கூடுதல் நேரத்தில் மாக்ஸி ரொட்ரிகெஸ் நெஞ்சில் வாங்கி இடது காலால் அடித்த கோலில் மெக்சிகோ 1-2 எனத் தோற்றது.

2010-இல் ஜோகன்னஸ்பர்க். மறுபடியும் அர்ஜென்டினா, மறுபடியும் அதே சுற்று. 1-3.

2022-இலும் குவர்தாதோ ஆடியது ஒரே ஆட்டம். நவம்பர் 26, லுசைல் மைதானம். எதிரணி மூன்றாவது முறையாக அர்ஜென்டினா. முதல் ஆட்டத்தில் சவூதியிடம் தோற்றுத் தவித்துக்கொண்டிருந்த அணி அது. நடுக்களத்தில் அவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காக 36 வயதான இடது காலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாற்பது நிமிடம் அர்ஜென்டினாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 42-ஆவது நிமிடத்தில் குவர்தாதோவால் தொடர முடியவில்லை, உடம்பு விட்டுவிட்டது. பிஎஸ்வியின் வீரரான எரிக் குத்தியெரெஸ் உள்ளே வந்தார். அப்போது 0-0. 64-ஆவது நிமிடத்தில் பெனால்டி பகுதிக்கு வெளியே, நட்டநடுவில், மெஸ்ஸிக்குப் பந்து வந்தபோது அவர் முன்னால் நாலு தப்படி காலி இடம் கிடந்தது.